உங்களுக்குத் தெரியுமா? கிடாரியின் ரத்தம் சொல்லும் சேதி

பசு ஒன்று காளையும் கிடாரியுமாக இரட்டைக் கன்று ஈன்றால், அந்தக் கிடாரி வளர்ந்து சினை பிடிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுகூட இல்லை. அப்படிப் பிறக்கும் கிடாரிகளில் 100க்கு 90க்கும் மேல் பிறவி மலடு. வெளித் தோற்றத்தில் எந்தக் குறையும் தெரியாது. துள்ளும், நன்றாகத் தின்னும், மற்றக் கன்றுகளைவிட வாட்டசாட்டமாகக்கூட வளரும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு ‘ஃப்ரீமார்ட்டின்’ என்று பெயர்.

★

காரணம் வயிற்றுக்குள் இருக்கிறது. மனிதரில் இரட்டையர் கருவாகும்போது பெரும்பாலும் இருவரின் ரத்தமும் தனித்தனியே ஓடும். மாட்டில் அப்படியில்லை. சினையான ஒரு மாதத்தை ஒட்டி இரண்டு கன்றுகளின் நச்சுக்கொடிகளும் ஒட்டிக்கொள்கின்றன. ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. பிறகு இரண்டு கன்றுக்கும் ஒரே ரத்த ஓட்டம்தான்.

காளைக்கன்றுக்கு விதைப்பை முதலில் உருவாகிறது. உருவான கையோடு அது ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. ‘இங்கே கருப்பை வேண்டாம்’ என்று உடலுக்குச் சொல்வதே அதன் வேலை. காளைக்கு அது தேவையான கட்டளை. ஆனால் ரத்தம் பொதுவாயிற்றே! அதே ஹார்மோன் தங்கையின் உடலுக்கும் போகிறது. கருப்பையாக வளரவேண்டிய குழல்கள் சுருங்கிப்போகின்றன. சினைப்பை வளர்ச்சி நின்றுபோய், சில கன்றுகளில் பாதி விதைப்பைபோல மாறிவிடுகிறது. பிறப்பதற்கு ஏழெட்டு மாதம் முன்பே அந்தக் கிடாரியின் தாய்மை முடிந்துவிடுகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லில்லி என்ற கருவியல் அறிஞர் இறைச்சிக்கூடங்களிலிருந்து வந்த மாட்டுக் கருப்பைகளை ஆராய்ந்து, ரத்தம் கலப்பதுதான் காரணம் என்று 1916, 1917ஆம் ஆண்டுகளில் எழுதினார். ‘ஹார்மோன்’ என்ற சொல்லே பிறந்து அப்போது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

★

அந்த ஹார்மோனின் பெயர் ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன். சுருக்கமாக ஏ.எம்.எச். கருப்பையாக வளரும் குழல்களை 1830இல் விவரித்தவர் ஜெர்மனியின் யோஹானஸ் முல்லர் என்பதால் அவை முல்லர் குழல்கள் ஆயின. அவற்றைத் தடுக்கும் ஹார்மோனுக்கு இந்தப் பெயர் வந்தது. இப்படி ஒரு தனிப் பொருள் இருந்தாகவேண்டும் என்று 1940களில் காட்டியவர் பிரான்சின் அல்ஃப்ரட் ஜோஸ்ட். தாயின் வயிற்றிலிருக்கும் முயல் குட்டிகளுக்கு அறுவை செய்து அவர் இதைக் கண்டார். 1986இல் இந்த ஹார்மோனுக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தபோது மாட்டினுடையதும் மனிதருடையதும் ஒரே ஆய்வுக் கட்டுரையில் வெளிவந்தன.

★

ரோமானியர்களுக்கும் மலட்டுப் பசுவைத் தெரிந்திருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய வார்ரோ அதை ‘தௌரா’ என்கிறார். காளைக்கு லத்தீனில் ‘தௌருஸ்’. அதன் பெண்பால் வடிவம்தான் தௌரா. காளைபோன்ற பசு என்று பார்த்துப் பார்த்து வைத்த பெயர்.

லண்டனில் ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஃப்ரீமார்ட்டின்களை அறுத்துப் பார்த்து 1779இல் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை அளித்தார். அந்தக் காலத்து ஆங்கிலேய உழவர்கள் இந்த மாடுகளை எருதோடு சேர்த்து நுகத்தில் பூட்டினார்கள், அல்லது கொழுக்க வைத்து இறைச்சிக்கு விற்றார்கள். கன்று போடாது என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் என்பது தெரிய இன்னும் 137 ஆண்டுகள் ஆயின.

★

எங்கள் பெரியம்மா வீட்டுக் கட்டுத்தறியில் ஒரு கார்த்திகை மாதம் கலப்பினப் பசு இரட்டைக் கன்று போட்டது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. பெரியம்மாவுக்குக் கிடாரிமேல்தான் ஆசை. அதற்கு மட்டும் கழுத்தில் மணி கட்டிவிட்டார். கன்றுக்கு இருபத்தைந்து நாளானபோது மருத்துவர் வந்தார்.

அவர் கையில் விரல் பருமனில் மழுங்கிய முனையுள்ள ஒரு குழாய். அதற்குக் களிம்பு தடவினார். பெரியப்பா கன்றைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே அணைத்துப் பிடித்துக்கொண்டார். குழாய் பிறப்புறுப்பு வழியே மெல்ல உள்ளே போய், சட்டென்று நின்றுவிட்டது. மருத்துவர் விரல் வைத்த இடத்தை அப்படியே அளவுகோலில் வைத்துக் காட்டினார். ஆறு சென்டிமீட்டர்.

“ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் உள்ள போகாதுங்களா?” என்றார் பெரியம்மா.

“போகாதுங்கம்மா. அதுக்கு மேல வழியே இல்லைங்க.”

பக்கத்தில் கட்டியிருந்த, ஏறக்குறைய அதே வயதுள்ள இன்னொரு கிடாரியையும் அளந்தார். பதின்மூன்று. பிறகு இரட்டைக் கிடாரியின் வால் அடியைத் தூக்கி, பிறப்புறுப்பின் கீழ் நுனியில் கற்றையாகத் தொங்கிய நீண்ட மயிரைக் காட்டினார். அதுவும் ஓர் அடையாளம். பெரியம்மா மணியை அவிழ்க்கவில்லை. ஆனால் அந்தக் கன்றை நம்பிக் கணக்குப் போடுவதை அன்றே விட்டுவிட்டார்.

அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு மாதத்துக்குட்பட்ட இயல்பான கிடாரிக்கன்றில் சுமார் 12 முதல் 15 செ.மீ.; ஃப்ரீமார்ட்டினில் 5 முதல் 8 செ.மீ. மருத்துவர் செய்யவேண்டிய சோதனை இது. வீட்டிலிருக்கும் குச்சி, குழாய் எதையும் வைத்து யாரும் முயலவேண்டாம்; உள்ளே கிழிந்தால் நல்ல கன்றும் கெட்டுவிடும்.

★

ஒற்றைக் கன்றாகப் பிறந்ததும் ஃப்ரீமார்ட்டினாக இருக்கலாம். கூட இருந்த காளைக்கரு ரத்தம் கலந்த பிறகு வயிற்றிலேயே அழிந்திருந்தால் பிறப்பது கிடாரி மட்டுமே. இரட்டை என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படிப்பட்ட கன்றைக் காட்டிக்கொடுப்பது ரத்தம்தான். அண்ணனின் ரத்த அணுக்கள் தங்கையின் எலும்பு மஜ்ஜையில் குடியேறி ஆயுள் முழுக்க அங்கேயே பெருகும். ஆண் குரோமோசோமான ‘ஒய்’, கிடாரியின் ரத்தத்தில் இருந்தால் சேதி உறுதி. பி.சி.ஆர். சோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம்.

★

இரண்டும் கிடாரியாகப் பிறந்தால் கவலை வேண்டாம்.

★

மாட்டு இரட்டையர், மனித உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு வழி திறந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் மேரிலாந்தில் குர்ன்சி இனப் பசு ஒன்றுக்கு ஒரே நாளில் இரண்டு காளைகள் சேர்ந்துவிட்டன; ஒன்று குர்ன்சி, இன்னொன்று ஹெர்ஃபோர்டு. பிறந்தது இரட்டை. ஒரு கன்று மட்டும் ஹெர்ஃபோர்டின் வெள்ளை முகத்தோடு நின்றது. தகப்பன் வேறு வேறு என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரே ஓவன் இரண்டின் ரத்தத்தையும் சோதித்தபோது இரண்டிலும் ஒரே வகைக் கலவை இருந்தது. ஒவ்வொரு கன்றும் மற்றதன் ரத்தத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தது, எதிர்ப்பே இல்லை. 1945இல் இதை அவர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்.

சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் பீட்டர் மெடாவர் வேறொரு கேள்வியோடு மாட்டுக் கன்றுகளிடம் வந்தார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும் தனித்தனிக் கருவில் வந்த இரட்டையரையும் எப்படிப் பிரித்தறிவது? தோலை எடுத்து ஒட்டிப் பார்த்தால் போதும், வேறு கருவானால் உடல் தள்ளிவிடும் என்று நம்பினார். ஒட்டிப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாக் கன்றுகளும் ஏற்றுக்கொண்டன. ஆணும் பெண்ணுமான இரட்டையர்கூட. குழப்பத்தைத் தீர்த்தது ஓவனின் கட்டுரை. பிறப்பதற்கு முன்பே பழகிய அணுவை உடல் அந்நியமாக நினைப்பதில்லை என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. அதற்காக மெடாவருக்கும் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட்டுக்கும் 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓவனையும் சேர்த்திருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

★

கருப்பையை அழிக்கும் அதே ஏ.எம்.எச்.தான் இன்று கிடாரியின் கருவளத்தை அளக்கும் கோலாகவும் இருக்கிறது.

காளைக்கு விதைப்பையில் சுரப்பதுபோல், கிடாரி பிறந்த பிறகு அதன் சினைப்பையிலும் இந்த ஹார்மோன் சுரக்கிறது. கருமுட்டையைச் சுமந்து வளரும் சின்னஞ்சிறு பைகளின் உட்சுவர் அணுக்கள் அதைச் சுரக்கின்றன. அதிகம் சுரப்பவை 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவிலான பைகள். அந்த வயதில் கருப்பை உருவாகி முடிந்துவிட்டதால் இப்போது அதற்குக் கெடுதல் இல்லை. ரத்தத்தில் ஏ.எம்.எச். நிறைய இருந்தால் பைகள் நிறைய. குறைந்தால் பைகளும் குறைவு. ஃப்ரீமார்ட்டினுக்கோ இந்தப் பைகளே இல்லை. பிறந்த புதிது கழிந்த பிறகு சோதித்தால், ஒழுங்கான கிடாரியில் தெளிவாகத் தெரியும் ஏ.எம்.எச். இதில் அடிமட்டத்தில் கிடக்கும்.

கருத்தரிப்பு மையங்களுக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். பெண்களுக்கு அங்கே எடுக்கும் ஏ.எம்.எச். டெஸ்டும் இதே ஹார்மோனை அளப்பதுதான். ஆனால் மனிதருக்கான கிட்டை மாட்டுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. இது புரதம், இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். மாட்டுக்கென்றே செய்த கிட்டோ, மாட்டுக்குப் பொருந்தும் என்று சரிபார்த்த கிட்டோ வேண்டும்.

★

ஏ.எம்.எச்.சுக்கு ஒரு நற்குணம் உண்டு. பருவச் சுழற்சியில் எந்த நாளில் ரத்தம் எடுத்தாலும் அளவு பெரிதாக மாறாது. ஒரு கிடாரிக்கு ஒரு முறை எடுத்தால் போதும். மற்றப் பல இனப்பெருக்க ஹார்மோன்கள் இப்படி அடங்கி இருப்பதில்லை. சில, மணிக்கு மணி ஏறி இறங்கும்.

★

அமெரிக்காவின் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 11 முதல் 15 மாத வயதுள்ள 281 ஹோல்ஸ்டீன் கிடாரிகளுக்கு ஒரே ஒரு முறை ஏ.எம்.எச். அளந்துவிட்டு, அவை பண்ணையில் எத்தனை நாள் நிலைத்தன என்று பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. அளவு மிகக் குறைந்த கால்பங்குக் கிடாரிகள், மற்றவற்றைவிடச் சராசரியாக 196 நாள் முன்னதாகவே பண்ணையை விட்டு வெளியேறியிருந்தன. ஆறரை மாதப் பால்!

உடனே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எல்லா ஆய்வுகளும் ஒரே திசையில் போகவில்லை. ஏ.எம்.எச். குறைந்த பசுக்கள் எந்தக் குறையுமில்லாமல் சினை பிடித்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. பைகள் மிக அதிகமான கிடாரிகள் பண்ணையில் நிலைக்கவில்லை என்று சொல்வதும் உண்டு. சினையாக ஒரு முட்டை போதுமே! ஆகவே ஏ.எம்.எச். குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நல்ல கிடாரியைக் கழிப்பது தவறு. அடிமட்டத்தில் இருந்தால் மட்டும் அது அபாய மணி.

இந்தச் சோதனை இன்னொரு வேலைக்குத் தயக்கமில்லாமல் பயன்படுகிறது. ஒரே பசுவிலிருந்து பல கருக்களை எடுத்து வாடகைத் தாய்ப் பசுக்களில் வைக்கும் முறைக்கு, எந்தப் பசு அதிகக் கரு தரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஏ.எம்.எச். நன்றாகவே உதவுகிறது.

★

பசுவின் வயிற்றில் இருக்கும் கிடாரிக் கருவுக்கு 110 நாள் ஆகும்போது அதன் சினைப்பைகளில் சுமார் 27 லட்சம் கருமுட்டை அணுக்கள் இருக்கின்றன. பிறக்கும்போது அதில் மிகச் சிறிய பங்கே மிஞ்சும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றும் சேராது.

★

இதோடு சேர்த்துப் படிக்கவேண்டியது ஒன்று. சினையான முதல் மூன்றரை மாதம், உடலைத் தக்கவைக்கத் தேவையான தீவனத்தில் 60 விழுக்காடு மட்டும் கொடுத்து ஒரு தொகுதி தாய்ப் பசுக்களை ஆய்வாளர்கள் வளர்த்துப் பார்த்தார்கள். கன்றுகள் எடை குறையாமல் பிறந்தன. பிறகும் மற்றக் கன்றுகளைப்போலவே வளர்ந்தன. ஆனால் பெண் கன்றுகளின் சினைப்பையில் பைகளின் எண்ணிக்கை 60 விழுக்காடு குறைந்திருந்தது. ஏ.எம்.எச்.சும் அதற்கேற்பக் குறைவு.

நம் ஊரில் கறவை வற்றிய மாட்டுக்கும் சினை மாட்டுக்கும் கடைசி மூன்று மாதம் வந்த பிறகுதான் தவிடும் பிண்ணாக்கும் கண்ணில் படும். வயிறு தெரியாத முதல் மாதங்களில் வெறும் வைக்கோல். கன்றின் சினைப்பை நிரம்புவது அந்த மாதங்களில்தான். பேத்தி மாட்டின் கணக்கு அங்கே ஆரம்பிக்கிறது.

★

பிரேசில் நாட்டில் கோடிக்கணக்கில் மேயும் ‘நெலோர்’ மாட்டின் பெயர் நம் பக்கத்து நெல்லூர். ஆந்திரத்தின் ஓங்கோல் இனம் அங்கே போய் அந்தப் பெயரைப் பெற்றது. ஹோல்ஸ்டீன் கிடாரிகளோடு ஒப்பிட்டபோது நெலோர் கிடாரிகளுக்கு ஏ.எம்.எச். அதிகம், பைகளும் அதிகம். குஜராத்திலிருந்து போன கிர் இனத்திலும் அதே முடிவு. முர்ரா எருமையில் பைகள் குறைவு.

ஆனால் திமில் உள்ள நம் இனங்கள் ஹோல்ஸ்டீனைவிடத் தாமதமாகத்தான் பருவத்துக்கு வருகின்றன. முட்டைப் பைகள் நிறைந்திருப்பது வேறு, பருவம் வருவது வேறு. முதலாவதை ஏ.எம்.எச். சொல்லும். இரண்டாவதைச் சொல்ல வேறு ஹார்மோன் இருக்கிறது.

★

அதுதான் புரோஜெஸ்டிரான். ‘இரண்டரை வயசாச்சு, இன்னும் கத்தவே இல்லை’ என்று கிடாரியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு மிகவும் பயன்படும் சோதனை இது.

பசுவின் பருவச் சுழற்சி 21 நாள். முட்டை வெளிவந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு திரள் உருவாகிறது. சுமார் ஐந்தாம் நாளிலிருந்து பதினேழாம் நாள்வரை அது புரோஜெஸ்டிரானைச் சுரக்கும். பிறகு கரைந்து, மீண்டும் பருவம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 1 நானோகிராமுக்கு மேல் புரோஜெஸ்டிரான் இருந்தால் மஞ்சள் திரள் வேலை செய்கிறது, அதாவது சினைப்பை விழித்திருக்கிறது என்று பொருள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

ஒரு தடவை எடுத்துக் குறைவாக இருந்தால் முடிவு கட்டக்கூடாது. அன்று அந்தக் கிடாரி பருவத்தை ஒட்டிய நாளில் இருந்திருக்கலாம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுக்கவேண்டும். சுழற்சி ஓடும் கிடாரியில் இரண்டில் ஒன்றாவது உயர்ந்திருக்கும். இரண்டுமே 1 நானோகிராமுக்குக் கீழே என்றால் இன்னும் சுழற்சி தொடங்கவில்லை.

★

அவ்வளவு நுண்ணிய அளவை எப்படி அளக்கிறார்கள்? நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அணுக்களை வைத்து ஹார்மோனை அளக்கும் முறையை 1950களின் இறுதியில் உருவாக்கினார்கள். முதலில் அளந்தது இன்சுலின். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார். பிறகு கதிரியக்கம் தேவைப்படாத எலைசா முறை வந்தது. இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் நிறம் மாறும் சின்னக் குழிகளில்தான் சோதனை நடக்கிறது.

★

ரத்தம் எடுத்தவுடன் நேரம் ஓடத் தொடங்குகிறது. மாட்டின் சிவப்பணுக்களுக்குப் புரோஜெஸ்டிரானைச் சிதைக்கும் குணம் உண்டு. குழாயை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சுற்றினால், ஆய்வகத்துக்குப் போகும்போது அளவு குறைந்திருக்கும். சுழற்சி ஓடும் நல்ல கிடாரிக்கு ‘ஓடவில்லை’ என்று முடிவு வரும். பனிக்கட்டியில் வைத்து, சீக்கிரமாகத் தெளிநீரைப் பிரித்துவிடவேண்டும். வால் அடி ரத்தக்குழாயில் எடுத்தாலும் கழுத்து ரத்தக்குழாயில் எடுத்தாலும் இந்த விதி ஒன்றுதான். கையில் ஐஸ் பெட்டி இல்லாதவர் எடுத்த புரோஜெஸ்டிரான் முடிவை நான் நம்பமாட்டேன்.

★

கத்தாமல் பருவத்துக்கு வரும் கிடாரிகள் உண்டு. ஊமைப் பருவம் என்பார்கள். முட்டை வெளிவரும், மஞ்சள் திரள் உருவாகும். ஆனால் கத்தல் இல்லை, கண்ணாடிபோல் ஒழுகும் சளி கண்ணில் படாது, மற்ற மாட்டின்மேல் தாவாது. வயதுக்கு வரும்போது முதல் பருவம் பெரும்பாலும் ஊமைதான். எருமைகளில் கோடைக்காலத்தில் இது மிக அதிகம். இந்தக் கிடாரிகளை மலடு என்று சந்தைக்கு ஓட்டிப்போனவர்கள் எத்தனை பேரோ! அதிகாலையிலும் இரவு படுக்கப் போகுமுன்னும் கொட்டகைக்குப் போய்ப் பார்ப்பவர்களுக்குச் சிலவற்றில் மங்கலான அறிகுறியாவது பிடிபடலாம். மீதியைப் புரோஜெஸ்டிரான் பிடித்துத் தரும்.

★

‘சினையே பிடிக்காத மலடு’ என்று எங்கள் தெருவில் ஒரு கிடாரியைச் சோதித்தபோது இரண்டு முறையும் புரோஜெஸ்டிரான் உயர்ந்தே இருந்தது. மருத்துவர் கைவிட்டுப் பார்த்தார். மூன்று மாதச் சினை. மேய்ச்சல் காட்டில் எந்தக் காளையோ சேர்ந்திருக்கிறது.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமல்ல. பருவம் வரவழைக்கப் போடும் ஊசிகளில் மஞ்சள் திரளைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஒன்று. சினை மாட்டுக்கு அதைப் போட்டால் கரு கலைந்துவிடும். ‘கத்தவில்லை, ஒரு ஊசி போட்டுவிடுங்கள்’ என்று கேட்பதற்கு முன் சினை இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

★

இரண்டு முறையும் புரோஜெஸ்டிரான் குறைவாக வந்தால் பெரும்பாலும் அது மலடு அல்ல, பசி. கிடாரி பருவத்துக்கு வருவதை வயதைவிட எடைதான் தீர்மானிக்கிறது. வளர்ந்த பசுவின் எடையில் 60 முதல் 65 விழுக்காட்டை எட்டிய பிறகே சினை ஊசி போடவேண்டும். தாய் 350 கிலோ என்றால் மகள் 210 கிலோவையாவது தொடவேண்டும்.

எடை மேடை இல்லையா? ஓர் அங்குல நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுங்கள். தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்து எலும்புவரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை. சுற்றளவு 55 அங்குலம், நீளம் 48 அங்குலம் என்றால் 220 கிலோ. தரகர் கண்ணால் சொல்லும் எடையைவிட இது நம்பகமானது.

எடை போதவில்லையென்றால் குடற்புழு நீக்கம், தாது உப்புக் கலவை, பசுந்தீவனம், கொஞ்சம் அடர்தீவனம். ஹார்மோன் ஊசி அதற்குப் பிறகுதான்.

★

பால் மாட்டுக்கு ரத்தமே எடுக்கவேண்டாம். பாலிலேயே புரோஜெஸ்டிரானை அளக்கலாம். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தொடங்கிய முறை இது. சினை ஊசி போட்ட 21 முதல் 24ஆம் நாளில் அளவு குறைந்திருந்தால் சினை இல்லை என்று அடித்துச் சொல்லலாம். உயர்ந்திருந்தால் சினையாக இருக்கலாம், உறுதி இல்லை. தலையீற்றுக்கு முன் கிடாரிக்குப் பால் ஏது? அதற்கு ரத்தம்தான்.

★

எல்லா ஹார்மோனும் சரியாக இருந்தும் மலடாக இருக்க முடியுமா? முடியும். இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் இனத்தில் வெள்ளை நிறக் கிடாரிகளில் அதிகம் கண்ட குறை ஒன்று உண்டு. சினைப்பை ஒழுங்காக இருக்கும், 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும், ஏ.எம்.எச்., புரோஜெஸ்டிரான் எதிலும் பழுது இராது. ஆனால் முல்லர் குழல்கள் முழுதாக இணையாததால் நடுவில் வழி அடைபட்டிருக்கும். சுவீடனின் மலைநாட்டு மாடுகளில் இதற்கு நேர்மாறாக, சினைப்பையே வளராத பரம்பரைக் குறை 1930களில் பரவலாகக் காணப்பட்டது. அதுவும் பெரும்பாலும் இடப்பக்கச் சினைப்பையில். குறையுள்ள மாடுகளை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கி விலக்கி அதைக் குறைத்தார்கள்.

ஆகவே ரத்தச் சோதனை, கைவிட்டுப் பார்ப்பதற்கோ ஸ்கேன் செய்வதற்கோ மாற்று இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று துணை.

★

ஏ.எம்.எச். அளவுக்கு மீறி எகிறினால் அதுவும் நல்லதல்ல. சினைப்பையில் வரும் ஒருவகைக் கட்டி இந்த ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சில பசுக்கள் ஓயாமல் கத்தும். சில, காளைபோல் நடந்துகொள்ளும்.

★

நாளுக்கு 15 கிலோ பசுந்தீவனம் தின்னும் ஒரு கிடாரி ஓராண்டில் தின்பது ஐந்தரை டன். மலடு என்று தெரியாமல் இரண்டு மூன்று ஆண்டு வளர்ப்பதும் நஷ்டம். மலடு அல்லாததை மலடென்று விற்பதும் நஷ்டம். முதலாவதில் போவது தீவனம். இரண்டாவதில் ஒரு பரம்பரையே கையைவிட்டுப் போகிறது.

உங்கள் கட்டுத்தறியில் காளையும் கிடாரியுமாக இரட்டை பிறந்தால், ஒரு மாதத்துக்குள் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்த கிடாரி பருவத்துக்கு வரவில்லையென்றால் முதலில் நாடாவை எடுங்கள். பிறகு சினை இல்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் கொடுங்கள். உங்கள் ஊர் மருந்தகத்தில் வசதி இல்லையென்றால், அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ நோய் ஆய்வுக்கூடத்துக்கோ அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அந்த முடிவு கைக்கு வரும்வரை கிடாரியின் கயிற்றைத் தரகரிடம் கொடுக்காதீர்கள்.